அண்டாவோட போன கப்பு

1975 பிப்ரவரி 3, திங்கள்

காலையில பனி. எதிர் வூட்டு புளியமரம் தெரியல. எடது முட்டி வலி.

திருப்பதி பாஷா பாய் கடையில போன மாசம் வாங்கினு வந்த சொவத்து கடியாரத்த பிரிச்சேன். உள்ள ஒரு பல்லி, காஞ்சி போனது. பொண்டாட்டி ஞானம் எட்டி பாத்துட்டு, இத்தயும் பழசுன்னு காசு குடுத்து வாங்கினியான்னா. பல்லிக்கு தனியா வாங்கலன்னேன். காபி லேட்டு.

நேத்து கோயில்ல அறுப்பு பண்டிகை ஏலம். எங்க சபையில ஏலம் எடுத்தவன் பொருள வூட்டுக்கு எடுத்துனு போவமாட்டான். காச கட்டிட்டு, திருப்பி ஏலம் வுடுங்கன்னு மேசை மேலயே வெச்சிடுவான். அதான் கவுரவம். ஒரே பூசணிக்கா நாலு பேருக்கு வித்துச்சி. கடைசியில எடுத்துனு போறவங்க ஊருக்கு புதுசா இருக்கணும், இல்லன்னா என்ன மாதிரி வெக்கம் இல்லாம இருக்கணும். நான் கோழிய எடுத்துனு வந்துட்டேன்.

பழைய பாத்திரம் ஒரு குவியல். பெரிய பித்தள அண்டா, உள்ள சொம்பு, கரண்டி, ஒடஞ்ச வெளக்கு, கண்டது கடியது. சபை செக்ரெட்ரி மனுவேல் சாரு (ரிட்டையர்டு வாத்தியாரு, இனிமே செ., முழுசா எழுத சோம்பல்) கேட்டாரு. நான் சும்மா வெலய ஏத்தி வுட்டேன். அவுரு ஏத்தினாரு. நான் ஏத்தினேன். அவுரு மூஞ்சி செவந்து போச்சி. கடைசியில அவுரே எடுத்து, தலைய தூக்கினு, திருப்பி ஏலம் வுடுங்கன்னாரு. அந்த ஞாயித்துக்கெழமைக்கு எனுக்கு அது போதும்.

கோழி கொழம்பு. கால் எனுக்கு.

பிப். 4, செவ்வாய்

பனி இல்ல. மண்ணெண்ணெ கியூ. முன்னாடி நின்னவன் ரெண்டு டின் வெச்சிருந்தான், சண்ட.

கியூவுலயே சேதி. கோயில்ல திராட்ச ரசம் குடுக்கற ராப்போஜன கப்பு காணோம். படுத்த படுக்கையா இருக்கிற ரூத்தம்மாவுக்கு வூட்ல வெச்சி ராப்போஜனம் குடுக்க பாஸ்டரு கெளம்பி இருக்காரு. பொட்டிய தெறந்தா காலி.

வெள்ளைக்காரன் காலத்து கப்பு. வெள்ளி முலாம். ஒதடு பட்டு பட்டு விளிம்புல பித்தள தெரியும். அடியில பூ மாதிரி ஆறு மடிப்பு, ஒரு மடிப்பு நசுங்கினது. கை வெச்சா இருட்டுல கூட நான் சொல்லிடுவேன். எத்தினியோ பழைய சாமான் தூக்கி பாத்திருக்கேன், அந்த கனம் வேற எதுலயும் இல்ல.

கழுவி வெக்கிறது தேவசகாயம் (தே.). மணி அடிக்கிறவன். வெஸ்ட்ரி (பாஸ்டரு அங்கி மாத்தற ரூம்பு) சாவி அவங்கிட்ட. கோயிலுக்கு பின்னால ஒரு ரூம்பு, அவனும் பொண்டாட்டியும் அங்கதான். அது கோயில் ரூம்பு.

சாயங்காலம் கமிட்டி கூடிச்சாம். ஞாயித்துக்கெழமைக்குள்ள கப்பு வரணும். வரலன்னா தே. சாவிய குடுத்துட்டு ரூம்ப காலி பண்ணணும். போலீசுக்கு போவாததே பெரிய மனசுன்னு செ. சொன்னாராம்.

கழுவி வெஸ்ட்ரி மேசை மேல துணி போட்டு கவுத்து வெச்சேன், வாழமரம் கட்ட செ. கூப்புட்டாரு, போனேன், அம்மாம்தான் தெரியும்னு தே. சொன்னானாம். யாரும் நம்பல.

திருட்டு கப்புன்னா சித்தூர்ல விக்க மாட்டானுங்க. திருப்பதிதான்.

பிப். 5, புதன்

மொத பஸ்ஸு. புத்தலப்பட்டு தாண்டி பஞ்சர். எறங்கி மூத்திரம் போயிட்டு வர்றதுக்குள்ள என் சீட்ல ஒரு ஆட்டுக்குட்டி. குட்டிக்காரி, இது பச்ச கொழந்த மாதிரி தாத்தா, தள்ளி குந்துன்னா. குந்தினேன்.

தி.பதி ஸ்டேஷனுக்கு பின்னால பழைய சத்திரம். யாத்திரைக்காரங்க தங்கறது நின்னு போயி, இப்ப ரூம்பு ரூம்பா பழைய சாமான் கடைங்க. இந்த வாசல்ல நொழஞ்சா அந்த வாசல்ல வர அரை நாள் ஆவும். எனுக்கு பத்தாது.

பாத்தது:
சாக்லேட் கலரு வால்வு ரேடியோ. திருகினா லைட்டு மட்டும் வரும், பாட்டு வராது.
மண்ணெண்ணெயில ஓடற ஃபேனு.
கிராமபோன் கொழாய், தாமரப்பூ மாதிரி. பொட்டி இல்ல.
ஜப்பான் டீ கோப்பை. வெளிச்சத்துல தூக்கினா அடியில ஒரு பொம்பள மூஞ்சி தெரியுது. வாங்கிட்டேன்.
எவனோட தாத்தாவோ மீசையோட போட்டோ, தேக்கு பிரேம். பிரேமுக்கு மட்டும் வெல. தாத்தாவ இன்னா பண்றதுன்னு கேட்டேன். பாஷா பாய், தாத்தா ஃப்ரீன்னாரு.

வேணும்ங்கறத பாக்க கூடாது. பக்கத்துல இருக்கறத தூக்கி, கொற சொல்லி, வெச்சிட்டு, போவும்போது கால்ல இடிச்சிக்கினா மாதிரி இது இன்னா பாய்னு கேக்கணும். நாப்பது வருஷமா இதான். கப்ப தேடற விஷயமும் யாருகிட்டயும் சொல்லல. சொன்னா இல்லாத கப்புக்கும் வெல ஏறும்.

மெட்ராஸ் ஜோடி ஒண்ணு. அந்த ஆளு புது மொட்ட, சந்தனம் காயல. மொட்டைங்க பேரம் பண்ண மாட்டாங்க, மலை மேல எல்லாம் குடுத்துட்டு எறங்கி வர்ற மனசுன்னு பாய் சொல்வாரு. அந்தம்மா பித்தள எச்சி பணிக்கத்த பூ ஜாடின்னு நெனச்சி கையில தூக்கினு நிக்கிது. என்ன பாத்து, நல்லா இருக்கா பெரியவரேன்னு கேட்டுச்சி. ராஜா வூட்டு சாமான்மா, மல்லிப்பூ வெச்சா ரெண்டு நாளு வாடாதுன்னேன். பாய் அந்தாண்ட திரும்பிக்கினாரு. ஹால்ல வெப்பாங்களாம்.

கடைசி ரூம்பு சுப்பம்மா. கண்ணாடிக்கு ஒரு பக்கம் கம்பி, ஒரு பக்கம் நூலு. எவர்சில்வர் குடுத்து பித்தள வாங்கற பாத்திரக்காரனுங்க எல்லாம் கடைசியில இவகிட்டதான் மூட்டய கொட்டுவானுங்க. இன்னிக்கு சித்தூர் பக்கத்து மூட்டைங்க வந்து கெடக்குது. பிரிச்சி காட்டுடின்னேன். "புதன்கெழம பிரிக்க மாட்டேன் தாத்தா, எங்காயன போயின நாளு. ரேப்பு ரா" அப்டின்னா. புருஷன் போன கெழமையாம், நாளைக்கு வரணுமாம். செத்தும் தொழில கெடுக்கறான்டி உன் புருஷன்னேன். உயிரோட இருந்தப்பவும் இதேதான்னா.

வெளிய வரும்போது ஒரு மூட்டய கால்ல தட்டி பாத்தேன். பித்தள சத்தம்.

கப்பு எங்கயும் இல்ல. ராத்திரி ஞானம் ஜப்பான் கோப்பைய வெளக்குல தூக்கி பாத்து, யாரு இவன்னா. பழைய சிநேகிதின்னேன். அந்த கோப்பையில இனிமே எனுக்கு கஷாயம்தானாம்.

பிப். 6, வியாழன்

முட்டி வீக்கம். பஸ்ஸு ஏற முடியல. எருக்கிலை ஒத்தடம்.

மத்தியானம் தே. வந்தான். வாசல்லயே நின்னான். ஞானம் உள்ள குந்த வெச்சி சோறு போட்டா. துன்னல, பெசஞ்சிக்கினே இருந்தான். பொண்டாட்டி சாமான எல்லாம் மூட்ட கட்ட ஆரம்பிச்சிட்டாளாம், நிறுத்துடின்னா கேக்க மாட்டேங்கறாளாம். நான் சிரிக்க வெக்கலாம்னு, அந்த கப்ப வித்தா எம்மாம் வரும்னு எங்கிட்ட கேட்டிருக்கலாமே, நல்ல வெல சொல்லியிருப்பேனேன்னேன்.

அவன் தட்ட பாத்துக்கினே கேட்டான், "அண்ணா, நீயும் அப்பிடித்தான் நெனக்கிறியா?"

இல்லடான்னேன். கைய கழுவிட்டு போயிட்டான். ஞானம் என்ன ஒரு பார்வ பாத்தா. அப்பறம் தட்ட கழுவும்போது அவளா சொன்னா: ஏலத்து சாமான் வெக்க மேசை பத்தலன்னு வெஸ்ட்ரி மேசையயும் பொம்பளைங்க நாங்க வெளிய தூக்கினு வந்தோம். மேல இருந்தத எல்லாம் வாரி அண்டாவுல போட்டோம். துணி, ஸ்பூனு, இன்னா இன்னாவோ. யாரு எத்த போட்டாங்கன்னு யாருக்கு தெரியும்.

அண்டா.

ரெண்டு நாளா இத்த ஏண்டி சொல்லலன்னு கேட்டேன். நீ கப்புன்னுதான கேட்ட, அண்டான்னு கேட்டியான்னா.

அப்ப எவனும் திருடல. ஏலத்துல வித்திருக்கோம்.

பிப். 7, வெள்ளி

வெயில். முட்டி தேவல. தடிய எடுத்துனு கெளம்பினேன். அண்டா கடைசியா யார் வூட்டுக்கு போச்சி, அதான் தெரியணும்.

மில்லு ஜெயராஜ்: நான் மொதல்ல எடுத்தேன், திருப்பி குடுத்துட்டேன். என்ன அண்டா தூக்கினு போறவன்னு நெனச்சியா?

அப்பால செ. அது நானே பாத்தது. ஏத்தி வுட்டது நானாச்சே. அவுருகிட்ட போவல.

கம்பவுண்டர் சாலமோன்: நானும் எடுத்தேன், திருப்பி குடுத்தேன். அதுக்கப்பறம் யாரும் கேக்கல, இருட்டிக்கினு வந்துச்சி, பாஸ்டரு மூஞ்சி ஒரு மாதிரி ஆயி போச்சி. பாஸ்டரம்மாதான் கைய தூக்கினாங்க.

பாஸ்டரம்மா சின்ன பொண்ணு. போன வருஷம் கல்யாணம், மெட்ராஸ் பக்கம். ஏலத்துல எடுத்தா திருப்பி குடுக்கணும்னு அதுக்கு யாரும் சொல்லல போல. போனேன். சமையக்கட்டு வாசல்ல புது எவர்சில்வர் கொடம். கடை சீட்டு கூட கிழிக்கல. மூஞ்சி தெரியுது.

புது கொடம் ஜோரா இருக்குதும்மா, தண்ணி ஊத்த மனசு வராதேன்னேன். அதுக்கு ஒரே சந்தோஷம். ஏலத்து அண்டாவ திங்கக்கெழம பாத்திரக்காரன்கிட்ட போட்டுச்சாம். உள்ள இருந்த ஓட்ட ஒடசலோட அப்பிடியே. எட போட்டு இந்த கொடமும் ஒரு தட்டும் குடுத்தானாம்.

உள்ள இன்னா இன்னா இருந்துச்சின்னு பாத்தியாம்மான்னு கேட்டேன். பாக்கலயாம், ஒரே கரி, ஒட்டட. சொல்லிக்கினே வந்தது பாதியில நின்னு போச்சி. கெட்டிக்கார பொண்ணு. கொடத்த பாத்துச்சி, என்ன பாத்துச்சி. அப்பிடியே படியில குந்திக்கிச்சி.

"தாத்தா, அவருகிட்ட சொல்லாதீங்க. இந்த ஊர்ல நான் இருக்கவே முடியாது."

நாளைக்கு தி.பதி போறேன்மா, நான் எதுவும் சொல்ல மாட்டேன்னு சொன்னேன். அந்த நேரம் தோட்டத்துல தே. வாழமரம் வெட்டி போட்டுக்கினு இருந்தான். எங்க பேச்சு அவனுக்கு கேக்கல. அந்த பொண்ணு அவன பாத்துக்கினே இருந்துச்சி.

கிண்டல் பண்றதுக்கு நல்ல சான்ஸு. வெத்தல போட்டேன்.

பிப். 8, சனி

மொத பஸ்ஸு. ஆட்டுக்குட்டி இல்ல.

நேரா சுப்பம்மா ரூம்பு. பக்கத்துல இருக்கறத எதயும் தூக்கி பாக்கல. வெள்ளி முலாம் கப்பு, அடியில ஆறு மடிப்பு, ஒண்ணு நசுங்கினது, வந்துச்சான்னு கேட்டுட்டேன். நாப்பது வருஷத்துல மொத தடவ.

வந்துச்சாம். வியாழக்கெழம காலையில அந்த மூட்டயிலதான் இருந்துச்சாம், நான் கால்ல தட்டினது. சாயங்காலமே புத்தலப்பட்டு பசங்க வந்து கபடி போட்டிக்கு பிரைஸ் கப்பு வேணும்னு தூக்கினு போயிட்டானுங்களாம். இன்னிக்கு ஃபைனல்.

பசங்க பதிலுக்கு எத்த வெச்சா அத்த குடுப்பானுங்க? மேல பலகையில ஒரு கப்பு, ஒசரமா, ரெண்டு பக்கமும் காது. எந்த கிளப்போடதோ, இங்கிலீஷ் எழுத்து தேஞ்சி போச்சி. அத்த எறக்குன்னேன். வெல சொன்னா. மடிய அவுத்தேன்.

சுப்பம்மா கண்ணாடிய எறக்கி பாத்தா. "ஏமி தாத்தா, பேரம் பண்ணல? எவனுக்கு இன்னா ஆச்சி?"

ஒருத்தன் ரூம்பு காலி பண்ணணும்டின்னேன். எண்ணி குடுத்ததுல பாதிய திருப்பி என் மடியிலயே போட்டா. பேரம் பண்ணாம வெல கொறஞ்சது இதான் மொதல். அவமானமா இருந்துச்சி. வாங்கினேன்.

பு.பட்டு, சந்தை மைதானம், ஒரே புழுதி. மேசை மேல நம்ம கப்பு, சாமந்தி மால போட்டுக்கினு. கிட்ட போயி பாத்தா வயித்துல தெலுங்கு எழுத்து. பாத்திரக்கடையில குடுத்து பேர் வெட்டிட்டானுங்க, கல்யாண சீர் பாத்திரத்துக்கு வெட்டற மாதிரி. எழுத்து எழுத்தா கூட்டி படிச்சேன். மொதட்டி பகுமதி. மொத பரிசு. முலாம் போயி எழுத்தெல்லாம் பித்தள மஞ்சளா மின்னுது.

போட்டி நடத்தறவன் சைக்கிள் கடைக்காரன். பேர் வெட்டினத மாத்த மாட்டேன்னான். இது எங்க கோயில் கப்புன்னேன். காசு குடுத்து வாங்கினோம் தாத்தான்னான். நியாயம். ஜெயிக்கறவங்கிட்ட கேட்டுக்கன்னான். குந்தி ஆட்டம் பாத்தேன். நல்ல ஆட்டம். ஒருத்தன் ஒத்த மூச்சுல மூணு பேர தொட்டான்.

உள்ளூர் டீம் ஜெயிச்சுது. ஏழு பேரும் அந்த கப்புல கோலி சோடா ஊத்தி மாத்தி மாத்தி குடிச்சானுங்க. நம்ம ஆளுங்கள விட வரிசையா, தள்ளாம. குடிச்சி முடியட்டும்னு இருந்துட்டு கோணிய பிரிச்சி காது வெச்ச கப்ப எடுத்தேன். கேப்டன் பையன் ரெண்டயும் பாத்தான். இதுல ரெண்டு பேரு ஆளுக்கு ஒரு காது புடிச்சிக்கினு போட்டோ எடுக்கலாம் நைனா, அத்த நடுவுல ஒருத்தன்தான் புடிக்கணும்னேன். உடனே மாத்திக்கினான். பேரு வெட்ட கூலி நான் தரணுமாம். சரின்னேன்.

கடைசி பஸ்ஸு. கப்ப மடியில வெச்சி துண்டால மூடிக்கினேன். பக்கத்துல குந்தினவன் சாராயமான்னு கேட்டான். அந்த மாதிரிதான்னேன்.

பிப். 9, ஞாயிறு

ஆராதனை முடிஞ்சி கூட்டம். கப்ப கொண்டு போயி பாஸ்டரு முன்னால வெச்சேன். எல்லாரும் எழுந்து நின்னு பாத்தாங்க. செ. கண்ணாடி போட்டு தெலுங்கு எழுத்த படிச்சாரு. எங்க கெடச்சிதுன்னாரு. தி.பதி பழைய சாமான் கடைக்கு போயி, அங்கேர்ந்து பு.பட்டு கபடிக்கு போயி, இப்ப வந்திருக்குதுன்னேன். தி.பதிக்கு எப்பிடி போச்சின்னாரு. பஸ்ல போயிருக்கும்னேன். பின்னால பசங்க சிரிச்சானுங்க.

செ. சிரிக்கல. கப்பு வந்தா பத்தாது, வித்தது யாருன்னு தெரியணும், சாவி ஒருத்தன்கிட்டதான் இருந்துதுன்னாரு. தே. கடைசி பெஞ்சுகிட்ட நின்னுக்கினு இருந்தான். அவன் பொண்டாட்டி வரல.

அண்டா கதைய நான் சொல்லலாம். வாக்கு குடுத்துட்டேன். சொல்லாம இருந்தா இவன் போறான். ஞானம் பொம்பளைங்க பக்கத்துலேர்ந்து என்ன பாத்துக்கினே இருக்கறா. அண்டாவ பத்தின்னு வாய தெறந்தேன்.

அதுக்குள்ள மொத வரிசையில பாஸ்டரம்மா எழுந்திரிச்சிச்சி.

"நான்தாங்க போட்டேன். அண்டாவுக்குள்ள இருந்தது தெரியாது. கொடத்துக்கு போட்டுட்டேன்."

பாஸ்டரு பொண்டாட்டிய பாத்தாரு. பைபிள மூடினாரு, தெறந்தாரு. அப்பறம் ஞானம் எழுந்து, அண்டாவுல வாரி போட்டது நாங்கதான், புது பொண்ண மட்டும் ஏன் பாக்கறீங்கன்னா. மில்லு ஜெயராஜ் தலைய சொறிஞ்சிக்கினு, மொதல்ல ஏலம் எடுத்தது நானாச்சேன்னாரு. கம்பவுண்டரும் கைய தூக்கினாரு. நடுவுல எடுத்தது யாருன்னு ஒரு கெழவி கேட்டா. எல்லாரும் செ.வ பாத்தாங்க. கப்ப கையில புடிச்சிக்கினே நின்னாரு.

ஏத்தி வுட்டது நான்தான் சார், இல்லன்னா இன்னும் கொறச்சலா கெடச்சிருக்கும்னேன்.

தே.ய பாத்து மன்னிச்சிக்கன்னு யாரும் சொல்லல. பாஸ்டரு ஜெபம் பண்ணாரு, நீளமா. ஜெபத்துல பொதுவா மன்னிப்பு கேட்டாரு.

பிப். 10, திங்கள்

தே. காலையில செ. வூட்டுக்கு போயி வெஸ்ட்ரி சாவிய மேசை மேல வெச்சிட்டு வந்துட்டானாம். ரூம்ப காலி பண்ணல. பொண்டாட்டி மூட்டய பிரிச்சிட்டா. மணி அடிக்கிறேன், கூட்டறேன், சாவி மட்டும் வேணாம்னானாம்.

பேரு வெட்டற கூலி மணியார்டர் பண்ணேன். கடியாரம் ஓடல. பல்லி இல்லாம அதுக்கு பழக்கம் இல்ல போல.

பிப். 16, ஞாயிறு

வெஸ்ட்ரி சாவி இன்னும் செ.கிட்டதான். ஒவ்வொருத்தரயும் வெச்சிக்க சொல்லி கேட்டு பாத்துட்டாராம். தொட்டவன்தான் அடுத்த திருடன்னு ஊரே பயப்படுது. என்ன கேட்டாரு. நான் பழைய சாமான் பைத்தியம் சார், என்ன நம்பலாமான்னேன். கேட்டத வாபஸ் வாங்கிட்டாரு.

பாஸ்டரம்மா கொடத்த கோயிலுக்கே குடுத்துடுச்சி. வெளிய தண்ணி பானை எடத்துல வெச்சிருக்காங்க. தண்ணி ஜில்லுன்னு இல்ல.

மார்ச் 2, ஞாயிறு

வெயில் ஏறி போச்சி. ராப்போஜனம். கப்பு வந்துச்சி. எழுத்த தேச்சி எடுத்துடலாம்னு செ. கமிட்டியில கேட்டிருக்காரு, தேச்சா முலாமே போயிடும்னு வுட்டுட்டாங்க. என் முறை வந்தப்ப மொதட்டி பகுமதி நேரா என் மூக்குக்கு எதிர்ல. சிரிப்ப அடக்கினேன். பாஸ்டரு மொறச்சாரு.

முடிஞ்சி பின்னால போனேன். கெணத்தடியில செ. வேட்டிய மடிச்சி கட்டிக்கினு கப்ப கழுவறாரு. புளிய போட்டு தேக்கறாரு. எழுத்துக்குள்ள புளி ஏறிக்கிச்சி, வரல. குச்சி வெச்சி குத்தறாரு. தே. அந்தாண்ட மணி கயிறு கிட்ட குந்திக்கினு வேர்க்கடலை துன்னுக்கினு இருந்தான்.

தேவசகாயம், இது எப்பிடி போவும், கொஞ்சம் வந்து பாருன்னு செ. கூப்புட்டாரு.

"நான் மணி அடிக்கிறவன் சார்."

எழுந்திரிக்கல. பக்கத்துல எனுக்கு எடம் வுட்டான். கடலை ஒரு பிடி குடுத்தான். ரெண்டு பேரும் குந்தி துன்னுக்கினே பாத்தோம்.